சுவர்தோறும் ஒரே சிவப்பு

செங்கற்பட்டைக் கடந்து மதுராந்தகம் நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், பதினெட்டாம் நூற்றாண்டின் யுத்தங்களிலே பலமுறை கைமாறிய கோட்டையினால் சரித்திரத்தில் இடம்பெற்ற ஊர் கருங்குழி. பிளெக்ஸ் அச்சு வந்தபின் கைத்தொழில் பெரிதும் குன்றிவிட்டதெனினும், சிமெண்டுக்கும் விதைக்கும் வேட்டிக்கும் சுவரில் விளம்பரம் எழுதுவோர் சிலர் இப்பக்கத்தில் இன்னும் இருக்கின்றனர். ஒரு கம்பெனியின் வண்ணம் ஊர்தோறும் மாறாமல் விளங்குவது யாருடைய சாமர்த்தியத்தால் என்பதைக் கண்ணாரக் காண விரும்பியே அவர்களோடு இருக்கச் சென்றேன்.

சாலையோரத்து மதில் ஒன்றில், அடர்ந்த சிவப்பில் தொடங்கிப் படிப்படியாய் மெலிந்து வெள்ளையில் முடியும் பட்டையொன்றைச் சின்னமாகக் கொண்ட சிமெண்ட் கம்பெனியின் விளம்பரம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பழைய எழுத்தைச் சுரண்டி, அடிநிறம் மேலெழாதபடி இருமுறை வெள்ளையடித்து, நீலப்பொடி தோய்ந்த நூலை இழுத்துக் கட்டித் தெறிக்கவிட்டுக் கோடு பதித்து, ஊசித் துளையிட்ட காகிதத்தின்மேல் கரிப்பொடி முடிச்சைத் தட்டி எழுத்தின் விளிம்பை இறக்கினார்கள். அதன்பின் மூத்த ஓவியர், துணியில் சுற்றி வெயில் படாமல் காத்துவந்த ஒரு சிறு பலகையை எடுத்தார். கம்பெனி ஒப்புக்கொண்ட சிவப்பு அதில் பூசப்பட்டிருந்தது. புதிய டப்பாவிலிருந்து சுவரில் ஒரு விரலளவு தீற்றி, அது நன்றாக உலரும்வரை காத்திருந்து, பின்னரே பலகையை அருகில் பிடித்து, நிழலில் ஒருமுறையும் வெயிலில் ஒருமுறையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஈர வண்ணத்தை அவர் நம்புவதில்லை; அதிலும் சுண்ணாம்பு கலந்த வண்ணம் ஈரத்தில் அடர்ந்து தோன்றி, உலர்ந்ததும் வெகுவாக வெளிறிவிடும்.

ஷேடு போடும் வேலைக்கோ நிதானமும் வேகமும் ஒருங்கே வேண்டும். சிவப்பு, நடுநிறம், வெள்ளை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பூசி, எனாமல் இறுகுவதற்குள், அகன்ற உலர் பிரஷ்ஷினால் எல்லைகளைக் குறுக்கே மெல்லத் தடவி ஒன்றோடொன்று கலக்கிறார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடைக்காவிட்டால் சிவப்பு முழுதும் வெள்ளையில் ஏறிவிடும். இரு முனைகளின் நிறத்தை மட்டும் கம்பெனி குறித்தனுப்பினால் போதாது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். நடுநிறம் எது, அது பட்டையின் எவ்விடத்தில் விழவேண்டும் என்பதும் நிச்சயமாகாதவரை, இரு ஓவியர் எழுதும் பட்டைகள் ஒன்றாக இரா.

“வெயில்ல மொதல்ல வெளுத்த பக்கந்தான் சார் போவும், கெட்டிச் செவப்பு கொஞ்ச நாளு தாங்கும்,” என்றார் மூத்தவர். ரஸாயன சாஸ்திரமும் அவர் கட்சியே. வெள்ளை மிகுதியாய்க் கலந்த மெல்லிய நிறத்தில் வண்ணப்பொடி சொற்பமாகையால், சூரிய கிரணம் அதையே விரைவில் அழிக்கிறது. ஆகவே படிநிறப் பட்டை ஒரே சீராக மங்காமல், மெலிந்த முனையிலிருந்து குறுகிக்கொண்டே வந்து, தன் உருவத்தையே இழக்கிறது. கோயில் மதில்களின் வெள்ளையும் காவியுமான பட்டைகளில் இந்தச் சிதைவுக்கு இடமில்லை. காவிக்கல்லின் இரும்பு ஆக்ஸைடு வெயிலுக்கு அசையாதது, நிறங்களும் ஒன்றிலொன்று கரையாமல் தனித்தனியே நிற்பவை. தொலைவிலிருந்தே கோயிலென்று தெரிவிக்கும் அவ்வடையாளத்தைக் கண்டறிந்த முன்னோரின் விவேகம் வியக்கத்தக்கது.

நிறத்தை நினைவுக்கு விடாமல் எண்ணுக்கு உட்படுத்தும் முயற்சியும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1951-ஆம் ஆண்டிலேயே தேசியக் கொடிக்கான தரவிதி அதன் வண்ணங்களை அளவைகளால் வரையறுத்தது, பெயிண்டுகளுக்கான ஐ.எஸ். 5 என்னும் தரத்தில், ‘சிக்னல் ரெட்’ 537 என்றும் ‘கோல்டன் யெல்லோ’ 356 என்றும் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டு. இத்தகைய ஒழுங்கின் பயனை ஆவின் பால் பாக்கெட்டில் காணலாம். சமன்படுத்திய பாலுக்கு நீலம், நிலைப்படுத்திய பாலுக்குப் பச்சை, நிறைகொழுப்புப் பாலுக்கு ஆரஞ்சு என்று நெடுங்காலம் வழங்கிவந்த முறையால், எழுத்தறியாதவரும் நிறத்தைச் சொல்லியே வேண்டிய பாலை வாங்கினர். அந்த நீலம் நாளுக்கொரு நீலமாக இருந்திருப்பின், இந்த நம்பிக்கை விளைந்திராது.

எனினும், எண் ஒன்றே நிறத்தைக் காத்துவிடாது. பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயம் சரியில்லை என்று எழுந்த புகாரை ஆராய்ந்த ரஸாயன நிபுணர் செவ்ரல், குறை சாயத்தில் இல்லை, அருகிலுள்ள நிறத்தில் இருக்கிறது என்று கண்டு 1839-இல் நூலாக வெளியிட்டார். கருங்குழி ஓவியரும், பச்சை வயலை ஒட்டிய சுவரில் சிவப்பு மிகைத்துத் தெரியுமென்று சொல்லி, சின்னத்தைச் சுற்றி வெள்ளையை அகலமாக விடுகிறார். டப்பாவிலுள்ள நிறம் ஒன்றாயிருப்பதைவிட, பார்ப்பவர் மனத்தில் பதியும் நிறம் ஒன்றாயிருப்பதே முக்கியம் என்பது அவருடைய அனுபவ ஞானம்.

ஆதலின், சின்னம் வகுக்கும் கம்பெனிகள் திரையிலும் காகிதத்திலும் அழகாயிருப்பதோடு திருப்தியடையாமல், சுவருக்கென்று படிநிறமற்ற தனி வடிவம் ஒன்றையும், வண்ண எண்ணையும், பூசிய மாதிரிப் பலகையையும் எழுதுவோர் கையில் சேர்ப்பிக்க வேண்டும். வண்ணம் உலர்வதற்காக அவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி தரவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கம்பெனியின் நிறம் கம்பெனியின் நிறமாக நிலைக்கிறது.