4294967297: ஓர் எண்ணின் வகையைத் தேடி

2ஐ 32 முறை எழுதிப் பெருக்கி, அதனுடன் 1ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கிறது. இது பகா எண்ணா, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணா என்னும் வினாவிற்கு விடை காண ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

இவ்வினாவின் வேர் 1640ஆம் ஆண்டில் இருக்கிறது. துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா, 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை 2இன் அடுக்காக வைத்து, வரும் மதிப்புடன் 1ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண்ணே கிடைக்கும் என்ற தம் நம்பிக்கையைக் கடிதங்களில் தெரிவித்தார். அதற்கு நிறுவல் கைவரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. 3, 5, 17, 257, 65537 என்னும் முதல் ஐந்தும் பகா எண்களே. ஆறாவதாக வருவதுதான் 4294967297.

1729 டிசம்பரில் கணித அறிஞர் கோல்ட்பாக் கடிதம் வழியே ஃபெர்மாவின் இந்த நம்பிக்கையை மற்றொரு கணித அறிஞரான ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டுவர, 1732இல் ஆய்லர் அந்த ஆறாவது எண் 641, 6700417 ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்று காட்டினார். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பதைப் பின்னர் அவரே நிறுவினார். எனவே 193, 257, 449, 577, 641 என்று அவ்வடிவில் உள்ள பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால், ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

வகுக்காமலும் இதைக் காணலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16, அதாவது 5இன் நான்காம் அடுக்கும் 2இன் நான்காம் அடுக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. முதல் வடிவின்படி, 5 × 128ஐ 641ஆல் வகுக்கும்போது −1க்கு நிகரான மீதி வருவதால், அதன் நான்காம் அடுக்கு 1ஐ மீதியாகத் தருகிறது. அந்த நான்காம் அடுக்கில் உள்ள 625க்கு ஈடாக, இரண்டாம் வடிவின்படி, −16ஐ இட்டால், 2இன் 32ஆம் அடுக்கு −1க்கு நிகராகிவிட, அதனுடன் 1 கூட்டிய எண் 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது.

ஆகவே இது ஒரு பகு எண்; சரியாக இரண்டு பகா எண்களின் பெருக்கமாதலால் அரைப்பகா எண்; தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகை 6701059 மட்டுமே ஆதலால் குறைவெண். இவற்றினும் குறிப்பிடத்தக்கது, 2ஐ அடியாகக் கொண்ட போலிப் பகா எண் என்னும் வகை: ஃபெர்மாவின் சிறு தேற்றம் பகா எண்களுக்குக் கூறும் இயல்பை, 2ஐக் கொண்டு சோதிக்கும்போது இந்தப் பகு எண்ணும் முழுமையாக வெளிப்படுத்துகிறது. 3ஐக் கொண்டு சோதித்தால் அந்த வேடம் கலைந்துவிடும்.

ஊகம் பொய்த்தாலும் அந்த வரிசை பயனற்றுப் போகவில்லை. முதல் ஐந்து எண்களையும் பெருக்கினால் 4294967295, அதாவது ஆறாவதைவிட 2 மட்டுமே குறைவான எண் வருகிறது. பொதுக் காரணி ஏதும் இருந்தால் அது அந்த 2ஐயும் வகுக்க வேண்டும்; எல்லாம் ஒற்றை எண்கள் ஆதலால் ஆறாவதற்கும் முந்தையவற்றுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. இவ்வுறவு வரிசை முழுதும் தொடர்வதால், ஒவ்வோர் உறுப்பும் முன்பு வராத ஒரு பகா எண்ணையேனும் கொண்டுவருகிறது. பகா எண்கள் முடிவிலி என்பதற்கு இதுவே ஒரு நிறுவலாகிறது.