ஐந்து கடமைகளும் ஓர் உரிமையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

சமயம் என்றால் சடங்கு என்று எண்ணிவிடுவது எளிது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது சடங்குதானே! தலையில் தொப்பி, நெற்றி நிலத்தில் பட வணக்கம், ரமளான் மாதத்தில் பகல் முழுதும் பட்டினி. இவற்றைப் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் பல கேள்விகள் கேட்பதுண்டு. "ஏன் மேற்கே பார்த்துத் தொழுகிறீர்கள்?" "நோன்பன்று எச்சில்கூட விழுங்கக் கூடாதாமே?" "மக்காவில் நீங்கள் வணங்குவது ஒரு கருங்கல்லைத்தானே?" கேள்விகளில் குறும்பு இருக்கும், பகைமை இருந்ததில்லை. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடைகள் அல்ல அவை. ஆதலால் ஆண்டு மலரின் பக்கங்களை நாடினேன். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், வீட்டில் கண்டதும், பிறகு படித்துத் தெளிந்ததுமே என் மூலதனம்.

நம்பிக்கை

'இஸ்லாம்' என்ற அரபுச் சொல்லுக்கு இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பது பொருள். நாங்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் 'ஸலாம்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். அதற்கு அமைதி என்று பொருள். ஒரு முஸ்லிம் நம்ப வேண்டியவை ஆறு: ஏக இறைவன், வானவர்கள், வேதங்கள், இறைத்தூதர்கள், மறுமை நாள், இறைவனின் விதி. தூதர்கள் என்னும்போது நபிகள் நாயகம் (ஸல்) ஒருவரை மட்டும் நம்பினால் போதாது. ஆதம் தொடங்கி நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா எனத் தொடர்ந்து வந்த அத்தனை தூதரையும் நம்ப வேண்டும். கிறித்தவ நண்பர்கள் ஏசு என்று போற்றுபவரே எங்களுக்கு ஈஸா நபி. அவரை இழிவாகப் பேசிய நாவுடன் ஒருவன் முஸ்லிமாக இருக்க முடியாது.

இந்த நம்பிக்கைக்கு உருக்கொடுப்பவை ஐந்து கடமைகள்: கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். கலிமா என்பது வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்றும், முஹம்மது அவனுடைய தூதர் என்றும் மனமாற ஏற்று வாயால் மொழிவது. மற்ற நான்கும் இதன் கிளைகள். இறைவன் ஒருவனே எஞ்சமான் என்றால் மனிதனுக்கு மனிதன் எஞ்சமானாக முடியாது. இந்த ஒரு கருத்து தொழுகையிலும் நோன்பிலும் ஜகாத்திலும் ஹஜ்ஜிலும் எப்படிச் செயலாகிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

ஒரே வரிசை

நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை. வைகறையில் 2, நண்பகலில் 4, பிற்பகலில் 4, அந்தியில் 3, இரவில் 4 என்று கட்டாயமானவை மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஏழு வசனங்களை ஓதுகிறோம். முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்த பின்பே தொழ நிற்க வேண்டும்.

மேற்கு எங்களுக்குப் புனிதத் திசை அன்று. மக்காவிலுள்ள கஅபா ஆலயம் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் மேற்கே சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. அவ்வளவுதான். மக்காவுக்கு மேற்கே வாழும் முஸ்லிம்கள் கிழக்கு நோக்கித் தொழுகிறார்கள்! கி.பி. 624 வரை முஸ்லிம்கள் ஜெருசலம் நோக்கியே தொழுதார்கள். அதன் பின்னரே கஅபா திசையாயிற்று. அதன் மூலையில் பதித்துள்ள கருங்கல்லைப் பற்றி, அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத வெறுங்கல் என்று தாம் அறிவதாகவும், நாயகம் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் கலீபா உமர் (ரலி) சொல்லியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக நான் என்ன விடை சொல்ல முடியும்?

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையோரம், கோரைப் பாய்க்குப் பேர் போனது. என் உம்மாவும் பாய் நெய்பவர்தாம். பள்ளிவாசலில் வரிசைக்கு விரிக்கும் நீளமான பாயில் யாருக்கும் இட ஒதுக்கீடு கிடையாது. முந்தி வந்தவருக்கு முன் வரிசை. அரிசி மண்டி முதலாளி சற்றுப் பிந்தி வந்தால், அவர் மண்டியில் மூட்டை சுமப்பவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அந்தத் தொழிலாளியின் குதிகாலுக்குப் பக்கத்தில்தான் முதலாளியின் நெற்றி நிலத்தில் படும். முதன்முதலில் பாங்கு சொல்லும் பொறுப்பை நாயகம் அவர்கள் ஒப்படைத்தது பிலால் (ரலி) என்ற, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பரிடந்தான். கி.பி. 630இல் மக்கா வசமானபோது கஅபாவின் மேலேறிப் பாங்கு சொன்னவரும் அவரே.

பசியின் பாடம்

ரமளான் மாதம் முழுதும் வைகறை முதல் அந்தி வரை உண்ணாமலும் பருகாமலும் இருப்பது நோன்பு. (எச்சில் விழுங்கலாம், நண்பர்கள் அஞ்ச வேண்டாம்!) நோயாளிகளும் பயணிகளும் விட்ட நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். பொய்யும் புறமும் பேசிக்கொண்டு பட்டினி கிடப்பவனுக்குப் பசியும் தாகமுந்தான் மிச்சம் என்பது மார்க்கம் தரும் எச்சரிக்கை.

பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. அதனால் ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமளான் தொடங்கும். டிசம்பர் இறுதியில் மற்றொன்றும் தொடங்கிவிடும். கோடையின் நீண்ட பகலும் மார்கழியின் குறுகிய பகலும் எந்த நாட்டாருக்கும் நிரந்தரமாக அமைவதில்லை.

மாலையில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தூக்குச்சட்டி ஏந்தி வருவோரில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் உண்டு. பெருநாள் தொழுகைக்கு முன்பாகவே தலைக்கு இவ்வளவு தானியம் என்று கணக்கிட்டு 'ஃபித்ரா' வழங்கிவிட வேண்டும். ஊரே உண்ணும் நாளில் ஒரு வீட்டு அடுப்பு மட்டும் எரியாமல் இருக்கக்கூடாது என்பதே நோக்கம்.

ஜகாத் தருமமா?

பொருளியல் மாணவன் என்பதால் ஜகாத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அன்றாடச் செலவு போக 87.48 கிராம் தங்கத்தின் மதிப்போ, 612.36 கிராம் வெள்ளியின் மதிப்போ ஒருவரிடம் சேர்ந்து, அது ஒரு பிறையாண்டு நிலைத்திருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, ஜகாத்தாகத் தரவேண்டும். லட்ச ரூபாய்க்கு 2,500. வயல் விளைச்சலுக்குத் தனிக் கணக்கு: மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. உழைப்பும் செலவும் கூடினால் கடமை குறைகிறது. பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதைப் பெறத் தகுதியுடையோரைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையாகப் பிரிக்கிறது. வறியவர், தேவையுடையோர், கடனில் மூழ்கியோர், வழியில் தவிக்கும் பயணி, விடுதலை தேடும் அடிமை முதலியோர் அவர்கள். தன் தாய் தந்தைக்கோ பிள்ளைகளுக்கோ ஜகாத் தர முடியாது. அவர்களைக் காப்பது ஏற்கெனவே உள்ள கடமை.

நாயகம் மறைந்த பின் சில கூட்டத்தார், தொழுவோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம் என்றனர். முதல் கலீபா அபூபக்கர் (ரலி) இணங்கவில்லை. தொழுகையையும் ஜகாத்தையும் பிரிக்கலாகாது என்று போருக்கே புறப்பட்டார். இறைவனுக்குரியதைச் செலுத்திவிட்டு ஏழைக்குரியதை நிறுத்திக்கொள்ள இம்மார்க்கத்தில் இடமில்லை. இன்று நம் நாட்டில் வருமான வரிக்கு அதிகாரி உண்டு. ஜகாத்துக்கு அவரவர் மனச்சாட்சியே அதிகாரி.

இவை புத்தகத்திலும் கிடைக்கும். நான் இதைக் கற்றுக்கொண்ட இடம் வேறு. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே என் வாப்பா மௌத்தாகிவிட்டார். அவருடைய வைத்தியத்துக்கே உம்மாவின் நகைகள் போய்விட்டன. பாய் நெய்த காசில் மூன்று வயிறு நிறைந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை. அந்த ரமளானில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் ஜகாத்திலிருந்து ஒரு தொகையை எங்கள் ஹஜ்ரத்திடம் கொடுத்தனுப்பினார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே மறுத்துவிட்டார். "நாங்க கையேந்துறவங்க இல்லை ஹஜ்ரத். என் கையில தெம்பு இருக்கு" என்றார்.

ஹஜ்ரத் கோபிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "இது அவர் காசு இல்லம்மா. ஒரு வருஷம் அவர் பெட்டியில இருந்துச்சு, அவ்வளவுதான். உங்க பங்கை உங்ககிட்ட சேர்க்கிறார். நீங்க வாங்கலேன்னா அவர் கடன் தீராது. அவர் வேற வாசலைத் தேடிப் போகணும்" என்றார்.

நெடுநேரம் கழித்து உம்மா, "அவருக்கு நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

"அவருக்காக துஆ செய்யுங்க. அது போதும்."

அந்தப் பணத்தில் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். அந்தப் பெரியவரைத் தெருவில் பார்க்கும்போது மற்றவர்களைப் போலவே நானும் ஸலாம் சொல்கிறேன். அவரும் எல்லோருக்கும் போலவே பதில் சொல்கிறார். கூனிக் குறுக வேண்டிய நிலையை அவர் எனக்கு ஒருநாளும் வைத்ததில்லை.

நேர்மாறான காட்சியையும் கண்டிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு செல்வர் ஜகாத் என்று சேலை வழங்கினார். உச்சி வெயிலில் பெண்களின் நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் சேலையோடு நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிலிருந்து போன ஒருவர் முந்தானையால் முகத்தை மூடியபடி வெறுங்கையோடு திரும்பினார். "மூணு நாள் கூடுதலா நெஞ்சா ஒரு சேலை வாங்கிரலாம். இந்த மொகத்தை எங்க போயி வாங்க?" என்று அவர் உம்மாவிடம் கேட்டது என் காதில் இன்னும் ஒலிக்கிறது. அச்செல்வரின் கடமை நிறைவேறியதா என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் செல்வத்தில் இல்லாதவனுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும் குர்ஆன், சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமத்தைப் பாழாக்கலாகாது என்றும் கண்டிக்கிறது. உரிமையைப் பெற வந்தவரை இரவலராக்கிவிட்டால் ஜகாத்தின் உயிர் போய்விடுகிறது, உடல்தான் மிஞ்சுகிறது.

தைக்காத இரு துணிகள்

ஐந்தாம் கடமை ஹஜ். உடல்நலமும் பொருள்வசதியும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை. கடன் வாங்கிப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துல்ஹஜ் மாதம் 9ஆம் நாள் அரஃபாப் பெருவெளியில் அனைவரும் கூடுகின்றனர். ஆண்கள் அணிவது தைக்காத இரண்டு துணிகள். மன்னருக்கும் அதுதான், மாட்டுவண்டிக்காரருக்கும் அதுதான். ஸஃபா, மர்வா குன்றுகளிடையே ஏழுமுறை நடக்கிறார்கள். தாகத்தால் தவித்த பச்சிளங் குழந்தைக்குத் தண்ணீர் தேடி அங்குமிங்கும் ஓடிய அன்னை ஹாஜராவின் நினைவு அது. துணையின்றி நின்ற ஒரு தாயின் தவிப்பு, உலகமே பின்பற்றும் வணக்கமாகிவிட்டது! இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் இளகும்.

நிறைவாக

நண்பர்களே, எங்களில் எல்லோரும் இவற்றை முறையாகக் கடைப்பிடிக்கிறோம் என்று சொல்ல வரவில்லை. தொழுகைத் தழும்பு நெற்றியில் இருக்க, தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைப்பவர்கள் எங்களிலும் உண்டு. அநாதையை விரட்டுபவனையும், சிறு உதவிக்கும் கை நீட்டாதவனையும் சாடும் குர்ஆனின் 107ஆம் அத்தியாயம், கவனமற்றுத் தொழுபவர்களுக்கும் அதே மூச்சில் கேடு கூறுகிறது. ஒரு முஸ்லிமை அளக்க வேண்டுமானால் இந்த அளவுகோலைக் கொண்டே அளந்து பாருங்கள். அவன் நெற்றி எத்தனை முறை நிலத்தைத் தொட்டது என்பதோடு, அவனிடம் தன் பங்கைப் பெற்றவர் நிமிர்ந்து நடக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

பட்டம் பெற்று, வேலை கிடைத்து, செலவு போக என் கையிலும் ஒருநாள் அந்த 87.48 கிராம் மதிப்பு சேரலாம். அது ஓராண்டு நிலைத்தால் நாற்பதில் ஒரு பங்கு எனக்குரியது அன்று. எந்த வீட்டுப் பையனுக்கு அது உரியதோ, அவன் வீட்டு வாசலுக்கு ஆரவாரமின்றிப் போய்ச் சேர வேண்டும். அவனும் என்னைப் போல ஒரு கல்லூரி வாசற்படியைத் தலைநிமிர்ந்தே மிதிக்க வேண்டும். அதற்காகவேனும் நான் நன்றாகப் படிக்க வேண்டும்.