அந்திமந்தாரை சொல்லும் கணக்கு

சிவப்புப் பெயின்ட்டில் வெள்ளையைக் கலந்தால் ரோஸ் நிறம் வரும். அதிலிருந்து சிவப்பை மறுபடி பிரித்தெடுக்க முடியுமா? முடியாது. பெற்றோரின் குணங்களும் பிள்ளையிடம் இப்படித்தான் கரைந்துவிடுகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் பலரும் நம்பினார்கள். டார்வினுக்கு இது பெரிய தலைவலி! புதிதாக வரும் நல்ல குணம் சில தலைமுறைகளில் நீர்த்துப்போகுமே, பிறகு இயற்கைத் தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் கேட்டார்.

விடை 1866-லேயே மெண்டலின் பட்டாணிக் கட்டுரையில் அச்சாகியிருந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டாணியில் நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நெட்டைதான். ஆனால் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் எல்லாமே இளஞ்சிவப்பு. அட, பெயின்ட் கதைதான் சரியோ?

பொறுங்கள். அந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தமக்குள் கலந்தால், சராசரியாக நான்கில் ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. தொலைந்துபோன சிவப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது! கலந்தது நிறம் மட்டும்தான், மரபணு கலக்கவில்லை. ஒரேயொரு சிவப்பு மரபணு இருந்தால் நிறமி குறைவாக உண்டாகிறது, அவ்வளவே. இதற்குப் பெயர் முழுமையற்ற ஓங்குதன்மை. 1900-இல் மெண்டலை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான கார்ல் காரன்ஸ் இந்தச் செடியை ஆராய்ந்தவர்.

பூவோடு முடிகிற விஷயமா இது? அரிவாள் செல் இரத்தசோகையைப் பாருங்கள். நீலகிரியின் பழங்குடி மக்களிடமும் இது உண்டு. கோளாறுள்ள மரபணு ஒன்று மட்டும் இருப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் அவரது சிவப்பணுக்கள் வளையும். இரண்டும் இருந்தால் கடும் நோய். இப்படி ஒற்றை மரபணு கொண்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று அர்த்தமில்லை!

"எங்க பரம்பரையிலேயே இல்லையே" என்று மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நோய்க்கு இரண்டு மரபணு வேண்டும். ஒன்று தாயிடமிருந்து, மற்றது தந்தையிடமிருந்து. 2023-இல் இந்திய அரசு இந்நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் இரத்தப் பரிசோதனை செய்துவருகிறது. கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாமே!