மபினியின் இத்தாலி வீடுகள்

பிலிப்பைன்ஸின் படாங்காஸ் நகரில் மணிலா பேருந்தை விட்டு இறங்கி, மபினி போகும் ஜீப்னியில் ஏறினோம். எதிரெதிரே இரண்டு நீளப் பலகைகள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நெரிசல். நடத்துநர் கிடையாது. கடைசியில் உட்கார்ந்திருந்த கிழவர் "பயாத் போ" என்று நீட்டிய காசு, முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் கை மாறி ஓட்டுநரிடம் போனது. மீதிச் சில்லறையும் அதே வழியில் ஒழுங்காகத் திரும்பி வந்தது. இடையில் தன் கைக்கு வந்த பத்து பீசோ நாணயத்தை என் தோழி திருப்பிக் காட்டினாள். அதில் இருக்கும் தலை அப்போலினாரியோ மபினியுடையது. இரண்டு கால்களும் செயலிழந்த நிலையில் ஸ்பெயினையும் பிறகு அமெரிக்காவையும் எதிர்த்து நின்ற சிந்தனையாளர். ஊருக்கு அவர் பெயர்தான். "காசுல எங்க ஊர்ப் பேர் இருக்கு. ஆனா எங்க ஊர்ல புழங்குற காசு யூரோ" என்று சிரித்தாள்.

துபாயில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர்கள். விடுமுறைக்குக் கிளம்பியபோது, "நீயும் வா, கடல் பார்க்கலாம்" என்று அழைத்தாள். மபினியின் அனிலாவோ கரைக்குப் பவளப்பாறை பார்க்க உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். நானும் கடலைப் பார்த்தேன். ஆனால் அதிகம் பார்த்தது வீடுகளைத்தான்.

புலோங் அனஹாவ் என்ற பகுதிக்குள் நுழைந்ததும் தென்னை மரங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே ரோமானியத் தூண்கள் எழும்புகின்றன. வளைவு வாசல்கள், சிற்ப வேலை செய்த மாடிக் கைப்பிடிகள், பூட்டிய இரும்புக் கதவுகள். ‘லிட்டில் இத்தாலி’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிய இடம். இவ்வூர்ப் பெண்கள் முதலில் வீட்டு வேலைக்கு இத்தாலி போனார்கள். பிறகு கணவர்களை, தம்பி தங்கைகளை அழைத்துக்கொண்டார்கள். மிலானிலும் ரோமிலும் பிறர் வீட்டைத் துடைத்த காசில் அதே சாயலில் சொந்த வீடு கட்டினார்கள். பல வீடுகளில் இப்போது குடியிருப்பது காவலுக்கு வைத்த உறவினர்கள் மட்டுமே.

1974இல் மார்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலையை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. எண்ணெய் விலை ஏறி, உள்ளூரில் வேலை இல்லாத காலத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு என்றார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 2024இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் வீட்டுக்கு அனுப்பியது 3,800 கோடி டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் எட்டு சதவீதத்தைத் தாண்டும் தொகை.

தோழியின் வீடு அரண்மனை இல்லை. சிமென்ட் கற்களால் கட்டிய கீழ்த்தளம். மாடிக்காக விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. மேலே தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் அவள் அம்மாவின் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் லோலா என்று கூப்பிடுகிற அந்தப் பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. மூத்த மகள் மிலானில் ஓர் இத்தாலியக் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே லோலாவைப் பார்த்துக்கொள்வது அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கை வாங்குகிற உறவுக்காரப் பெண். அவளுடைய இரண்டு குழந்தைகளையோ அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

வீட்டின் முன்னறையே கடை. கம்பி வலைக்குப் பின்னால் ஷாம்பு, காப்பித்தூள், சோப்புத்தூள் சரங்கள் தொங்கும் சாரிசாரி கடை. எண்ணெயும் வினிகரும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் முடிந்து தயாராக இருக்கின்றன. பூண்டு ஒரு பல், சிகரெட் ஒன்று, குழந்தைக்கு டயப்பர் ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று. மாத்திரையை இப்படி விற்க சட்டம் இடம் தராது. ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குச் சுட்டால் மருந்துக்கடை தேடிப் போக ட்ரைசைக்கிள் கிடைக்காது. சில்லறையாக வாங்கினால் விலை அதிகம் என்பது வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் கையில் இருப்பது அன்றைய கூலி மட்டும் என்றால் முழுப் பாட்டிலின் லாபம் யாருக்கு வேண்டும்? போதாததற்குக் கடன் நோட்டு. ஓரம் மடங்கிய அந்தப் பள்ளிக்கூட நோட்டில் தெருவே இருந்தது. சிலர் பெயருக்கு எதிரே தேதி. சிலருக்கு ‘மகனுக்குச் சம்பளம் வந்ததும்’ என்ற குறிப்பு.

கடைச் சுவரில் காசு போட்டால் இணையம் தரும் பீசோ வைஃபை பெட்டி ஒன்று இருந்தது. மபினியில் இரவு எட்டு மணி என்றால் மிலானில் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் பெட்டிக்கு முன்னால் தெருப் பிள்ளைகள் செல்பேசியோடு குந்தியிருப்பார்கள். நாணயம் விழும் சத்தம், பிறகு "மாமா, மாமா" என்று அம்மாவைக் கூப்பிடும் குரல்கள். நேரம் முடிந்து திரையில் முகம் உறைந்தால் இன்னொரு பீசோ.

முதல் நாள் நான் கடை வாசலில் நின்றபோது ஒரு சிறுவன் "பும்பாய்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிலிப்பைன்ஸில் இந்திய முகம் என்றால் மோட்டார் சைக்கிளில் வரும் வட்டிக்காரர் நினைவுதான் முதலில் வரும். பெரும்பாலும் பஞ்சாபிகள். ஐயாயிரம் கொடுத்து ஆறாயிரம் வசூலிப்பதால் ‘ஐந்து-ஆறு’ என்று அந்தத் தொழிலுக்கே பெயர். மின்விசிறி, குடை, போர்வை ஆகியவற்றையும் தவணையில் தருவார்கள். 2017இல் டுடெர்டே அரசு இவர்களை ஒடுக்கப்போவதாக அறிவித்து, சிறு வியாபாரிகளுக்கு மாதம் 2.5 சதவீதத்துக்கு மிகாத வட்டியில் கடன் திட்டமும் தொடங்கியது. ஓடிய சிறுவனின் தாயார் அன்றைக்குத் தவணை பாக்கி வைத்திருந்தாராம். நான் கணக்கெழுதுகிறவன்தான், வசூலிக்கிறவன் இல்லை என்று தோழி போய்ச் சமாதானம் சொல்லி வந்தாள். "அரசாங்கக் கடன் மலிவுதான்" என்றார் லோலா. "அதுக்கு நாம காகிதம் தூக்கிட்டு அலையணும். பும்பாய் வாசலுக்கே வர்றானே."

வட்டிக்குப் போகாமல் சமாளிக்க இன்னொரு வழியும் உண்டு: பலுவாகன். தெருவில் பத்துப் பெண்கள் வாரம் 500 பீசோ போடுகிறார்கள். வாரம் ஒருவர் 5,000 எடுக்கிறார். நம் ஊர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் இல்லை. யாருக்கு எந்த வாரம் என்பதை முதலிலேயே பேசி முடிக்கிறார்கள். பள்ளி திறக்கும் வாரத்துக்குத்தான் போட்டியாம்.

உடம்புக்கு வரும் செலவுகளை இப்படிப் பேசி முடிக்க முடிவதில்லை. லோலாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. அங்கே அதை எல்லோரும் ‘மெயின்டனன்ஸ்’ என்கிறார்கள். இருப்பு இருந்தால் பகுதிச் சுகாதார நிலையத்தில் இலவசம். இல்லாத மாதங்களில் மூத்த குடிமக்கள் அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார். 20 சதவீதம் கழிவு கிடைக்கும். என் இருமலுக்கு அவர் கொடுத்தது லகுண்டி பாகு. கொல்லையில் நின்ற செடியைக் காட்டினார், நொச்சி. பக்கத்தில் முருங்கை. கோழியும் பச்சைப் பப்பாளியும் போட்டுக் கொதிக்கும் தினோலா சாற்றில் கடைசியில் அந்தக் கீரையை உருவிப் போட்டார். படர்தாமரைக்கு நாம் தேய்க்கும் சீமை அகத்தியும் வேலியோரம் இருந்தது. 1992இல் சுகாதார அமைச்சராக இருந்த ஹுவான் ஃப்ளாவியேர் பத்து மூலிகைகளைப் பரிந்துரைத்தார். நொச்சியும் சீமை அகத்தியும் அந்தப் பத்தில் அடக்கம்.

இருமலுக்கு நொச்சி போதும், சிறுநீரகத்துக்குப் போதாது. இரண்டு வீடு தள்ளி இருந்தவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டவர். அரசுக் காப்பீடான ஃபில்ஹெல்த் முன்பு ஆண்டுக்கு 90 முறைக்கே பணம் தந்தது. 2023இல் அதை 156 ஆக்கினார்கள். அதாவது ஆண்டு முழுவதற்கும். ஆனால் போகவர வண்டிக் கூலி, நின்றுபோன சம்பளம் என்று மிச்சமெல்லாம் வீட்டின் தலையில். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையில் எப்போதும் காகிதக் கட்டோடு அலைந்ததைத் தோழி சொன்னாள்: மருத்துவச் சான்று, பில் நகல், ஏழை என்பதற்குப் பகுதி அலுவலகத்தின் சான்று. இவற்றைக் காட்டி லாட்டரி வருமானத்தில் உதவும் அரசு அலுவலகத்தில் ஒரு வரிசை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் உத்தரவாதக் கடிதத்துக்கு ஒரு வரிசை. இந்த வரிசைகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரத்தான் 2018இல் செபுவில் முதல் மலசாகித் மையம் திறந்தார்கள். 2019இல் அதற்குச் சட்டமும் வந்தது. சுகாதாரத் துறையின் மருத்துவமனைகளில் பொது வார்டுக்குக் கட்டணமே இல்லை என்று 2025 ஜூலையில் அதிபர் அறிவித்தார். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். இருந்தும் ஒரு வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால் முதல் அழைப்பு போவது மிலானுக்கோ ரியாத்துக்கோ. அந்த முனையில் இருப்பவர்தான் உண்மையான காப்பீட்டு நிறுவனம். அவர் ‘விதிமுறைப்படி இதற்குப் பணம் கிடையாது’ என்று சொல்ல முடியாது.

நாங்கள் போயிருந்தபோது அந்த மனிதர் இறந்துபோனார். தெருவை மறித்துப் பந்தல், வெள்ளை விளக்குகள், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் அவர். இரவு முழுக்கக் காப்பி, பிஸ்கட், சூப். வருகிறவர்கள் உறையில் பணம் வைத்துப் பெட்டியின் மேல் வைக்கிறார்கள்; ஓர் இளைஞன் நோட்டில் பெயர் எழுதுகிறான். நாளை கொடுத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் திருப்பிச் செய்ய வேண்டுமே. பந்தலின் மறுகோடியில் சீட்டாட்டம் சூடாக நடந்தது. துக்க வீட்டில் இப்படியா என்று எனக்குத் திகைப்பு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்குப் போகும் என்று தோழி சொன்ன பிறகு, தூங்காமல் ஆடியவர்கள் மேல் எனக்கு மரியாதையே வந்தது. சாவு வீட்டிலிருந்து நேரே வீடு திரும்பக் கூடாது, பின்னாலேயே ஏதாவது வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் வழியில் ஒரு கடையில் ஏறி, படாங்காஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் லோமி சாப்பிட்டோம். கொழகொழவென்ற கெட்டிச் சாறு, தடித்த நூடுல்ஸ், மேலே மொறுமொறு பன்றித்தோல். பேய்க்குப் பயப்பட இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

துபாய்க்குத் திரும்பும் முன் மிலான் பணம் வந்தது. அடகுக்கடையிலேயே அயல்நாட்டுப் பணமும் வாங்கலாம். கம்மல் மீட்பவரும் யூரோ மாற்றுபவரும் ஒரே வரிசை. வீட்டுக்கு வந்ததும் லோலா மேசையில் உறைகளைப் பரப்பினார். மின்சாரம். அரிசி. மெயின்டனன்ஸ். பேரன் கல்லூரி. உறவுக்காரப் பெண்ணின் சம்பளம். பலுவாகன். துக்க வீட்டுக்குக் கொடுத்ததற்கு ஈடு. கடைசி உறையில் 500 பீசோ வைத்தபோது தோழி குறுக்கே கை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"உன் அக்காவோட சேமிப்புக்கு."

பாக்-இபிக் என்ற அரசு வீட்டுநிதியில் ஐந்தாண்டுச் சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டு. ஒரு முறைக்குக் குறைந்தது 500 பீசோ கட்டலாம். 2024இல் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் ஈவு கொடுத்தார்கள். அக்கா என்றோ ஒரு கணக்குத் திறந்து, ஒரு முறை கட்டிவிட்டு மறந்துபோயிருக்கிறாள். வெளிநாட்டில் வேலை செய்வோருக்கு ஓய்வூதியச் சந்தா கட்டாயம் என்று 2019இல் சட்டம் வந்தது. அதையும் அவள் ஒழுங்காகக் கட்டவில்லை. மாதா மாதம் யாருக்காவது ஏதாவது அவசரம். அவள் அனுப்பும் பணத்திலிருந்தே 500 எடுத்து, அவளுக்குச் சொல்லாமல் அவள் பெயரிலேயே கட்டி வருகிறார் லோலா.

தோழிக்குக் கோபம். "கூரை ஒழுகுது. ராத்திரி மழை வந்தா வாளி வச்சுட்டுத் தூங்குறோம். இப்ப இதுதான் முக்கியமா?"

"கூரை ஒழுகினா வாளி வைக்கலாம். உன் அக்காவுக்கு அறுபது வயசானா என்ன வைக்கறது?"

தோழி கணக்கெழுதுகிறவள் அல்லவா, மனக்கணக்குப் போட்டாள். மாதம் 500 என்றால் ஐந்து ஆண்டில் 30,000. ஈவோடு சேர்த்தாலும் மிலானில் ஓர் அறைக்கு ஒரு மாத வாடகை தேறுவது சந்தேகம். அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தாள். லோலா அசரவில்லை; உறையை ஒட்டி முடித்தார். தூண் வைத்து வீடு கட்டி முடித்த குடும்பங்களில், அந்தத் தூணுக்காகத் தேய்ந்த பெண்ணின் முதுமைக்கு எத்தனை பேர் ஓர் உறை வைத்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பந்தல் நோட்டிலும் கடை நோட்டிலும் எல்லோருடைய கடனும் இருக்கிறது. அவளுக்கு இந்த ஊர் பட்ட கடனை எழுத ஒரு நோட்டும் இல்லை.

தோழி செல்பேசியை எடுத்துச் சற்று நேரம் எதையோ தட்டினாள். தன் பெயரிலும் ஒரு சேமிப்புக் கணக்கு. "இதுக்கும் சேர்த்து மாசாமாசம் கட்டிடுங்கம்மா" என்றாள்.

"உன் அக்கா தனக்குன்னு எதுவும் வச்சுக்க மாட்டா, அதான் நான் வைக்கறேன்" என்றார் லோலா. "நீ வச்சுக்குவ. உன்னோடதை நீயே கட்டு."