பக்கச் சுவரில் எழுதியிருப்பது

"யார் வண்டிம்மா?"

டயர் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவள் நான். ஹெல்மெட் கையில் இருந்தது, சாவி விரலில் தொங்கியது. "என்னோடதுதாண்ணே" என்றேன். "அதில்லம்மா, ஓட்டுறது யாரு?" என்றார்.

2021 ஜூலை மாதம். வண்டி, தம்பி சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன பல்சர் 150. மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினால் அன்னவாசல், இலுப்பூர் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்ப நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டராவது ஆகும். முதலில் ஸ்கூட்டரில்தான் போய்க்கொண்டிருந்தேன். அதன் பத்து அங்குலச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். பல்சரின் பதினேழு அங்குலச் சக்கரம் அதே குழியைத் தாண்டிப் போய்விடும். மாலையில் இடுப்பு வலிப்பதும் வலிக்காததும் அந்த ஏழு அங்குலத்தில் இருந்தது. ஆம்பளை வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற வீம்பெல்லாம் எனக்கு இல்லை.

பின் டயர் மொட்டையாகியிருந்தது. மாற்ற வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். எந்த டயர் என்று கடைக்காரர் கேட்டதும் விழித்தேன். "தம்பி நம்பர் இருந்தா போட்டுக் குடும்மா, நான் பேசிக்கிறேன்" என்றார். நானே எண்ணை அழுத்தி, நானே போனை நீட்டினேன். இருவரும் சிங்கப்பூர் மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அப்புறம் என் டயர் முடிவானது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. குடித்துவிட்டுப் பணம் கொடுத்தேன். அவமானம் என்று அப்போது தோன்றவில்லை. மரியாதையாக நடத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் அக்டோபரில் விழுந்தோம். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்னவாசல் தாண்டி ஒரு வளைவு. பல நாள் காய்ந்து கிடந்த தார்ச் சாலையில் மழை பிடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே ஆடுகள் வந்தன. பிரேக் போட்டேன். பின் சக்கரம் என்னைக் கேட்காமல் பக்கவாட்டில் போனது. எனக்கு முழங்கால் தோல் போனது. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பெரிய வண்டி?" என்றாள் சித்தி. தம்பி போனில் சத்தம் போட்டான்: "வண்டிய வித்துட்டு ஸ்கூட்டி வாங்கிக்கக்கா." நானும் அதையே நம்பினேன். எனக்குப் பலம் போதவில்லை, எனக்கு இது சரிவராது என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வண்டியில் ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஒரு பெண் விழுந்தால் காரணத்தை அவள் உடம்பில் தேடுவது மற்றவர்கள் பழக்கம் மட்டுமல்ல, எனக்கும் அது நன்றாகப் பழகியிருந்தது.

விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பஞ்சர் கடையில்தான் வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தேன். எடுக்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். "தாயி, இங்க வா. இதப் பாரு" என்றார். விரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார். நகம் பதியவில்லை. பட்டன்களுக்கு இடையில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். பட்டன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிறகு டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்து ஒரு சின்ன நீள்வட்டத்தைக் காட்டினார். அதற்குள் நான்கு இலக்கம்: 1915.

"பத்தொம்பதாவது வாரம், பதினஞ்சாம் வருசம். அப்பச் செஞ்ச டயரு இது. நீ எப்ப வாங்குன?"

போன வருடம். அதாவது 2015 மே மாதத்தில் செய்த டயரை ஆறு வருடம் கழித்துப் புது டயர் விலைக்கு வாங்கியிருக்கிறேன். ரப்பர் சும்மா கிடந்தாலும் வயதாகும். காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு இறுகிப்போகும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் ஓடிவிடும். ஈரத்தில் பிடிக்காது. ஓடும் மோட்டார் சைக்கிளில் தரையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். இரண்டு உள்ளங்கைகளின் மேல் வண்டி, அம்மா, நான். அதில் ஓர் உள்ளங்கை மரத்துப்போயிருந்தது.

டயர் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புது மழையில் தார் மேலிருக்கும் எண்ணெயும் தூசியும் வழுக்கும். பின் பிரேக்கை நானும் பதறிப்போய் மிதித்தேன். ஆனால் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்த பிறகு, "உனக்கு எதுக்கு இந்த வண்டி" என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நின்றது: கடையில் அன்று நான் ஏன் இதைப் பார்க்கவில்லை? மறைத்து வைத்திருந்தால் பரவாயில்லை. எல்லோருக்கும் தெரியும்படி டயரிலேயே அச்சாகியிருந்தது. அது நான் படிக்க வேண்டிய எழுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வாசலில் நின்ற வண்டிக்கு முன்னால், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் குந்தி உட்கார்ந்தாள். "எங்க இருக்கு? காட்டு" என்றாள்.

அம்மா எழுத்துக் கற்றது அறிவொளியில். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அதில் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்கே போகும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிக் கேட்ட பெண்கள் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தொடையில் இரும்பு அழுத்தியதும், அம்மாவின் மூச்சு என் உச்சியில் பட்டதும் இன்னும் நினைவிருக்கின்றன.

அந்தச் சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்வாள் என்று அன்றுதான் கேட்டேன். "என்ன செய்யிறது, தள்ளிக்கிட்டு வருவேன். ஒங்கப்பா கடையில குடுத்து ஒட்டிக்கிட்டு வருவாரு. அவரு வர்ற வரைக்கும் சைக்கிளு சும்மா நிக்கும். எங்களுக்கு ஓட்டத்தான் சொல்லிக் குடுத்தாக. கழட்ட யாரும் சொல்லிக் குடுக்கல."

முப்பது வருடம் கழித்து நானும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறேன். அப்பா இருந்த இடத்தில் தம்பி. சைக்கிள் கடை இருந்த இடத்தில் டயர் கடை. வண்டி மட்டும் பெரிதாகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் இருவரும் டயரைப் படித்தோம். அம்மா ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் போனில் தேடி அர்த்தம் சொன்னேன். 100/90-17 55P. முதல் எண் அகலம், நூறு மில்லிமீட்டர். அடுத்தது உயரம். அது மில்லிமீட்டர் கணக்கில் இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நூறில் தொண்ணூறு சதவீதம், அதனால் தொண்ணூறு மில்லிமீட்டர். பதினேழு என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். 55 என்பது பாரக் குறியீடு. அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது, அதன்படி அந்த ஒரு டயர் 218 கிலோ வரை தாங்கும். P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. டயர் எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதற்கு. அந்தத் திசையில் சுழன்றால்தான் பட்டன்களின் இடைவெளி தண்ணீரைச் சரியாக வெளியே தள்ளும். ஓரத்தில் TWI என்பதை நம் ஊரில் யாரும் தமிழில் சொல்வதில்லை. டி, டபிள்யூ, ஐ என்று மூன்று எழுத்து. அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

"இம்புட்டும் எழுதிப் போட்டுருக்கான். ரேஷன் கார்டுல கூட இவ்வளவு இல்ல" என்றாள் அம்மா.

நவம்பரில் வேறொரு கடைக்குப் போனோம். நான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போக, அம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். முதல் கேள்வி அதேதான். "என் வண்டிண்ணே, நான்தான் ஓட்டுறேன். 100/90-17, டியூப்லெஸ் வேணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "120/80 போடும்மா, பின்னாடி பார்க்க கெத்தா இருக்கும்" என்றார். ரிம்முக்குச் சொல்லப்பட்டதைவிட அகலமான டயரைப் போட்டால் ஓரங்கள் உள்பக்கமாக இழுபட்டு அதன் வடிவமே மாறும். வளைவில் சாய்வதும் மாறும். செயின் பக்கமோ ஸ்விங் ஆர்மிலோ உரசவும் செய்யலாம். மைலேஜும் குறையும். "கெத்து வேணாண்ணே, கம்பெனி போட்ட சைஸே போதும்" என்றேன்.

முதல் டயரை எடுத்துப் போட்டார். அம்மா குந்தி உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் இல்லை, திருப்பச் சொன்னாள். தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். "0519" என்று வாசித்தாள். "அஞ்சாவது வாரம், பத்தொம்போது. வேணாம் தம்பி." அடுத்தது 4820. "இதும் ரெண்டு வருசம் ஆச்சு." கடைக்காரருக்கு எரிச்சல் வந்தது. "சும்மா குடோன்ல இருந்ததுதாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். ஓரிரு வருடம் நிழலில் இருந்த டயர் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை ஒன்றுதானே. மூன்றாவதாக மாடியிலிருந்து வந்தது 3422. மூன்று மாதம் முன்னால் செய்தது. அதை எடுத்துக்கொண்டோம்.

மாட்டியது பதினேழு பதினெட்டு வயதுப் பையன். நான் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன். ஆக்ஸில் நட்டைக் கழற்றி, செயினை இறக்கி, சக்கரத்தை உருவினான். சோப்புத் தண்ணீர் தடவி லெவர் போட்டுப் பழைய டயரை நெம்பி எடுத்தான். புதிதைப் போட்டுக் காற்றடித்ததும் டப், டப் என்று இரண்டு சத்தம். டயரின் ஓரம் ரிம்மில் போய் உட்காரும் சத்தம் அது. சக்கரத்தை வண்டியில் ஏற்றப் போகும்போதுதான் கவனித்தேன். அம்புக்குறி பின்பக்கம் பார்த்தது.

"தம்பி, அம்பு மாறியிருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். "எந்த அம்புக்கா?" என்றான். இரண்டு வருடமாக டயர் மாட்டுகிறானாம். அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. லெவரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எழுத்தைக் காட்டவில்லை. இந்த அறிவு ஆண்கள் எல்லோருக்கும் பிறப்பிலேயே வருவது என்று நினைத்திருந்தேன். அதுவும் அன்று போனது. தெரிந்த மாதிரி நிற்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அதுவும் இல்லை. முதலாளி அதட்டுவதற்குள் கழற்றித் திருப்பிப் போட்டான்.

மீதியையும் சேர்ந்தே பார்த்தோம். செயினை இழுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால்தான் சக்கரம் நேராக நிற்கும். செயின் நடுவில் இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் வேண்டும். பின் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று மிதித்துப் பார்க்க வேண்டும். காற்று எவ்வளவு என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது, பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதற்கும் தனி அளவு உண்டு. கிளம்பும்போது பையன் ஒன்று சொன்னான். எனக்குத் தெரியாதது அது. "புது டயர் வழவழன்னு இருக்கும்க்கா. ஒரு நூறு கிலோமீட்டர் மெதுவாப் போங்க. சட்டுனு பிரேக் போடாதீங்க, ரொம்பச் சாய்க்காதீங்க."

அம்மா பஸ்ஸில்தான் திரும்பினாள். பயமா என்று கேட்டேன். "நூறு கிலோமீட்டர் ஓட்டு, அப்பறம் ஏறிக்கிறேன்" என்றாள்.

அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் இந்தக் கதையைச் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்ற வண்டிகள் ஏழு. ஐந்து ஸ்கூட்டர், இரண்டு எக்ஸெல். சேலையைச் செருகிக்கொண்டு, போன் வெளிச்சத்தில், ஆளுக்கொரு சக்கரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்கு 2120", "எனக்கு 90/100-10ன்னு போட்டிருக்கு, இது என்னக்கா?", "இந்த அம்பு எங்கிட்டுப் பார்க்கணும்?" என்று குரல்கள் வந்தன. ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் டயரில் இருந்தது 3014. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பிள்ளைகளையும் அந்த வண்டியில்தான் கூட்டி வருகிறாள்.

"வீட்டுக்காரருட்ட சொல்லணும்" என்றாள் முதலில். பிறகு கொஞ்ச நேரம் அந்த நான்கு இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அந்தக் கடை ஞாயித்துக்கெழம தெறந்திருக்குமா?"