கேஸ் ஏற்றும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழவேற்காட்டில் கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் சில்லென்று ஆகவில்லை என்றால், முதல் பேச்சே "கேஸ் போயிடுச்சு" என்பதுதான். எங்கள் தெரு அக்கா கடையிலும் அதே பேச்சு. பின்பக்க மூடியைக் கழற்றினோம். கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. இடையில் தூசியும் பிசுக்கும் அப்பிக் கிடந்தன. ஊருக்கு ஒரு பக்கம் உப்பு ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். உப்புக்காற்று உலோகத்தைச் சும்மா விடாது. ஃபிரிட்ஜுக்குள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிற இடமே இந்தக் கண்டென்சர்தான். அது அடைபட்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், பாட்டில் மட்டும் குளிராது.

கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது வீண் செலவு. மீன்பாடு இல்லாத நாளில் இப்படிப்பட்ட சின்னக் கடைகளை நம்பித்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. அந்தக் காசை இப்படிக் கரைக்கலாமா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளைச் சுத்தம் செய்யுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இதெல்லாம் பார்த்த பிறகும் குளிராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்ததும், கசிவு எங்கே என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.