பன்னிரண்டு பெயர்கள்

வாஸ்கோட காமா என்றதும் நம்மில் பலருக்கு வரலாற்றுப் பாடம்தான் நினைவுக்கு வரும். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்த்துகீசியர். அந்தப் பெயரில் பிரேசிலில் ஒரு காற்பந்து கிளப் இருப்பதை, முதலாம் ஆண்டில் மாமாக் கடையில் சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். "ரொமாரியோ விளையாடிய கிளப்டா அது" என்றார். அதோடு மறந்தும் போனேன்.

இரண்டாம் ஆண்டில் விடுதிக் குழுவுக்கு நான்தான் தலைவன். போட்டிக்கு முந்தைய வாரம் ஒருவனைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இரவில் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன். பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை, ஜெர்சி பணமும் கட்டவில்லை என்பது காரணம். ஆட்டத்தில் அவனுக்கு ஈடாக எங்களில் யாருமில்லை. ஆனாலும் எடுத்துவிட்டேன். அவனிடம் சொல்லவும் இல்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அந்த விடுமுறையில்தான் வாஸ்கோ கிளப்பின் கதையைப் படித்தேன். 1898இல் ரியோ டி ஜெனிரோவில் போர்த்துகீசியக் குடியேறிகள் தொடங்கிய படகோட்டும் சங்கம் அது. காற்பந்து 1915இல்தான் வந்து சேர்ந்தது. 1923இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த கையோடு ரியோ கிண்ணத்தையும் வென்றார்கள். கறுப்பர்கள், கலப்பினத்தவர், ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த குழு! செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்த காலத்தில் இது பலர் கண்ணை உறுத்தியது.

மறு ஆண்டே பிளமெங்கோ, புளுமினென்ஸ், பொட்டாபோகோ போன்ற பெரிய கிளப்புகள் புதுச் சங்கம் அமைத்தன. வாஸ்கோவும் சேரலாம், ஆனால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்றன. நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முறையான தொழில் இல்லையாம்! காரணங்கள் எப்போதும் கண்ணியமாகத்தான் இருக்கும். என் ஜெர்சி பணம் போல.

1924 ஏப்ரல் 7ஆம் நாள் கிளப்பின் தலைவர் ஜோசே அவுகுஸ்தோ பிரெஸ்தெஸ் பதில் எழுதினார். வெற்றி தேடித் தந்த அந்த இளைஞர்களைப் பலி கொடுக்க மாட்டோம், உங்கள் சங்கமே வேண்டாம் என்பது அதன் சாரம். கறுப்பினத்தவரைச் சேர்த்த முதல் கிளப் வாஸ்கோ அல்ல. பாங்கு கிளப்பில் அதற்கு முன்பே அவர்கள் விளையாடியிருக்கிறார்கள். ஆனால், அந்தக் கடிதத்தை எழுதியது வாஸ்கோ. 1925இல் அந்தச் சங்கமே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் பணம் போட்டு எழுப்பிய சாவோ ஜனுவாரியோ அரங்கம் 1927இல் திறக்கப்பட்டது. (திறப்பு விழா ஆட்டத்தில் சாந்தோஸிடம் 3-5 எனத் தோற்றது வேறு கதை.)

படித்த இரவு தூக்கம் வரவில்லை. பிரெஸ்தெஸுக்கு 12 பெயர்கள். எனக்கு ஒரே ஒரு பெயர்.

பருவம் தொடங்கியதும் அவன் வேலை செய்யும் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுடா, என்ன சாப்பிடுற?" என்றான். இந்த முறை பெயர் போடட்டுமா என்று கேட்டேன்.

"சனிக்கிழமை எனக்கு வேலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையைத் துடைக்கப் போனான்.